வண்டிக்கு வராதவிய

இங்கன தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்து பிரயோசனம் இல்ல, அது சும்மா பேருக்குத் தொங்குது. காலையில இருந்து நாலு பேரு ஏமாந்து எந்திரிச்சிட்டாவ. அதுல ரெண்டு தடவ நான்.

உள்ள உங்க வீட்டம்மாவா? சரி சரி. எங்க வீட்டுக்காரியும் உள்ளதான் இருக்கா. கோமதின்னு பேரு. போன வாரம் கர்ப்பப்பையில இருந்து கொஞ்சூண்டு சத எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாவ. இன்னைக்கு ரிப்போர்ட்டு. கேன்சரா இல்லியாங்கது இன்னைக்குத் தெரிஞ்சிரும். நானும் உள்ள வாரேன்னேன். 'நீங்க வெளியவே இருங்க'ன்னுட்டா. எஸ்தர் கூடப் போயிருக்காவ. எஸ்தர்னா எங்க ஊரு நர்சம்மா, கிராமத்து நர்சு. நாங்க மூணு பேரும் ஒரே பஸ்சுலதான் வந்தோம். ரெண்டு மணி நேரம். எங்கூட ஒரு வார்த்த பேசல்ல அந்த நர்சம்மா. இருவது நாளாவே பேச மாட்டேங்காவ. அதான் அண்ணாச்சி எனக்கு வருத்தம். வியாதிய டாக்டரு பாத்துக்கிடுவாவ. மனுசன் மேல மனுசன் கோவப்பட்டா அத யாரு பாக்க?

நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல தப்பு இருக்கான்னு.

எம் பேரு குத்தாலிங்கம். வேன் வச்சிருக்கேன், இருவத்தொரு சீட்டு. கோயிலுக்குப் போவும், கல்யாணத்துக்குப் போவும், மொட்டைக்குப் போவும். சாவுக்குப் போவாது. எம்புட்டு வேண்டியவன் செத்தாலும் நான் பஸ்சுலதான் போவேன், வண்டி வீட்ல நிக்கும். முன்னால பேச்சியம்மன் படம் வச்சிருக்கேன். சாமி இருக்க வண்டி. அதுக்குன்னு ஒரு சுத்தம் இருக்குல்லா. தண்ணி போட்டவன் ஏறக்கூடாது, கறி சாப்பிட்டவன் ஏறக்கூடாது, வீட்டுக்கு விலக்கா இருக்க பொம்பள ஏறக்கூடாது. இத நான் எழுதி ஒட்டல்ல. எல்லாருக்கும் தெரியும்.

எங்க ஊர்ல அம்புட்டு பொம்பளையும் பீடி சுத்துதவ. காலையில தட்ட மடியில வச்சான்னா, கடைக்காரன் வந்து கட்ட எண்ணி வாங்குத வரைக்கும் எந்திரிக்க மாட்டா. எங்க வலிச்சாலும் 'இடுப்பு'ம்பா. எல்லாத்துக்கும் இடுப்புதான். காய்ச்சல் வந்தாலும் இடுப்பு. அதுக்கு மேல கேட்டா 'உமக்கென்ன, போவும்'பா.

எஸ்தரம்மா எங்க ஊருக்கு மாத்தலாகி வந்து ரெண்டு வருசம் இருக்கும். இந்த ஆவணியில ஒரு முகாம் போட்டாவ. பஞ்சாயத்து ஆபீசுல பந்தலு, நாக்காலி, மைக்கு. கர்ப்பப்பை வாயில புத்துநோய் வருதான்னு பாக்காவளாம், முப்பது வயசு தாண்டுன எல்லாப் பொம்பளையும் வரணுமாம். மைக்குலயே சொல்லிட்டாவ. அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டுப் போடுத அதே மைக்கு. அந்த வார்த்த ஊரு பூராம் கேட்டுது. அம்புட்டுப் பேரும் கதவச் சாத்திட்டாவ. மூணே பேரு வந்தாவ. ரெண்டு பேரு கொசுவல குடுக்காவன்னு நெனச்சு வந்தவ. மூணாவது ஒருத்தி நெசமாவே டெஸ்டுக்குன்னு வந்தா. அவளுக்கு அன்னைக்கு விலக்கு. விலக்கா இருக்கும்போது பாக்க முடியாதாம், போயிட்டு அடுத்த வாரம் வான்னாவ. அடுத்த வாரம் எங்க வர? அவ புருசன் பூல்பாண்டி, 'முதல்ல எதுக்குப் போனே?'ன்னு தெருவுல நின்னு கேட்டான்.

டெஸ்டு என்ன பெரிய டெஸ்டு? ரெண்டு நிமிசம். ஒரு மருந்தத் தொட்டு வச்சிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பாப்பாவளாம். வெள்ளையாத் திட்டு எதும் தெரிஞ்சா மேக்கொண்டு அனுப்புவாவ. தெரியலன்னா வீட்டுக்குப் போயிரலாம். பல்லு புடுங்கத விட லேசு. நான் பாத்ததில்ல, சொல்லுவாவ.

அந்த நர்சம்மா சோந்து போயி எங்க வீட்டுல வந்து உக்காந்திருந்தாவ. கோமதிக்கும் அவியளுக்கும் நல்ல பழக்கம், மயினி மயினின்னு. கோமதி பீடி எல வெட்டிக்கிட்டே சொன்னா: 'கோயிலுக்குன்னா எந்த ஆம்பள தடுப்பான்? கோயிலுக்குன்னா விலக்கு இல்லாதவதான் கெளம்புவா. உங்களுக்கும் அவதான வேணும்? பேச்சியம்மன் கோயிலுக்குப் பத்து வீடு தள்ளித்தான ஆஸ்பத்திரி இருக்கு.'

அத வச்சி நான் யோசிச்சேன் அண்ணாச்சி. யோசன முழுக்க என்னுது.

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி நம்ம வண்டி பேச்சியம்மன் கோயிலுக்கு. மலையடியில இருக்கு, எங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேரம். பொம்பளையள் மட்டும். பாதிப் பேரு சாமி கும்புடும்போது பாதிப் பேரு ஆஸ்பத்திரியில. அப்பறம் மாத்தி. வீட்டுக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு திருநீத்துப் பொட்டலம், நெத்தியில குங்குமம். எவன் கேப்பான்? பேரு குடுக்கது எல்லாம் கோமதிட்டதான். வர முடியாதவளும் அவட்டயே வந்து 'எனக்கு ஆவாது'ம்பா. இவ லிஸ்ட்டுல அடிச்சிருவா. ஒரு தப்பு வராது. டெஸ்டுக்கு ஆவாதவ ஒருத்தி கூட வண்டியில ஏற மாட்டா. சாமியே ஆளப் பொறுக்கி அனுப்புத மாதிரி. எந்த ஆபீசருக்காவது இப்பிடி ஒரு திட்டம் தோணுமா? சொல்லுங்க.

ஒரு சங்கடம் இருந்துது, இல்லன்னு சொல்லல்ல. சர்ச்சுக்குப் போற நர்சம்மா, அவிய பேச்சியம்மனுக்கு வண்டி போட வைக்காவ. நான் வேற சாமி பேரச் சொல்லி ஊரு பூராம் பொய் சொல்லுதேன். மனசு கேக்கல்ல. பூசாரிட்டயே கேட்டுட்டேன். அவரு வெத்தலயத் துப்பிட்டு, 'யோவ், பேச்சி யாரு? பிரசவம் பாத்தவ. அவ இப்ப இருந்தா அந்த ஆஸ்பத்திரியிலதான் வேல பாத்துக்கிட்டு இருப்பா, போவும்'ன்னாரு. அதுக்கப்பறம் எனக்கு ஒரு பயமும் இல்ல.

பூல்பாண்டி மட்டும் நூலு புடிச்சிட்டான். 'என்னவே குத்தாலிங்கம், சாமி கும்பிட நாலு மணி நேரமா?'ன்னான். கூட்டம்னேன். 'ஆடி மாசத்துல இல்லாத கூட்டம் ஐப்பசியில எங்கருந்து வந்துது?'ன்னான். மழைக்கு ஒதுங்குதாவன்னேன். அடுத்த டிரிப்புக்கு வேட்டி சட்டையெல்லாம் தேச்சுப் போட்டு வந்து முன் சீட்டுல ஏறிட்டான். என்ன செய்ய? ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் எஸ்தரம்மா அசரல்ல. 'வாங்க அண்ணாச்சி, உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்'னு கைய புடிச்சி உக்கார வச்சி, பிரஷரு பாத்து, சக்கரைக்கு விரல்ல குத்திட்டாவ. முந்நூத்தி நாப்பது. ஆளு வெளுத்துட்டான். இப்ப மாசாமாசம் மாத்தர வாங்க அவனே வண்டிக்கு மொத ஆளா நிக்கான். 'எம் பொண்டாட்டி வந்தா என்ன வராட்டா என்ன, எனக்கு ஒரு சீட்டு போடும்'ங்கான். பொம்பளையள் வண்டியில அவன் ஒருத்தன்தான் ஆம்பள.

ஆறு டிரிப்பு. நூத்திப் பத்துப் பேருக்கு மேல பாத்தாச்சு. ரெண்டு பேருக்குத் திட்டு இருந்துது. அதுல ஒருத்தி எங்க சித்தி மக. அங்கனயே குளுரு மாதிரி எதையோ வச்சிப் பொசுக்கி விட்டுட்டாவ. புத்தா மாறுததுக்கு முந்தியே பாத்தாச்சாம். இப்ப ஜம்முன்னு பீடி சுத்துதா. பெரிய டாக்டரம்மா என்னியக் கூப்பிட்டு, கை குடுத்தாவ அண்ணாச்சி. வேன் டிரைவருக்கு டாக்டரம்மா கை குடுத்து நீங்க பாத்திருக்கியளா?

அன்னைக்குத்தான் எஸ்தர் கேட்டாவ. எல்லாரும் கோயில்ல நிக்காவ, நான் ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்.

'அண்ணாச்சி, ஊரையே கூட்டியாந்துட்டிய. மயினி ஏன் ஒரு தடவ கூட வரல்ல?'

'அவளுக்குக் குடுத்து வைக்கல்லம்மா. வண்டி கெளம்புத அன்னைக்கு கரெக்டா விலக்காயிருதா'ன்னேன்.

'ஆறு தடவையுமா?'

'ஆறு தடவையும்தான். அவ ராசி அப்பிடி.'

'ரெண்டு வாரத்துக்கு ஒரு வண்டி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்காவா மயினிக்கு வருது?'

நான் அத அப்பிடிக் கணக்குப் பாக்கல்ல அண்ணாச்சி. எவன் பாப்பான்?

'மயினிக்கு என்ன வயசு?'ன்னாவ.

'அம்பத்திமூணு. நடுவுல நின்னு நாலு வருசம் ஆச்சு. இந்தச் சித்திரையில இருந்து மறுபடியும் வந்துட்டு. ஒடம்பு அப்பிடி, அவிய அம்மையும் நல்ல தெடம்'னேன்.

நெசத்தச் சொன்னா எனக்கு அதுல ஒரு சந்தோசம்தான். பொண்டாட்டிக்கு வயசு திரும்புதுன்னா யாருக்குக் கசக்கும்? ரெண்டு பேருட்ட பெருமையாக் கூடச் சொல்லிருக்கேன்.

எஸ்தரம்மா கையில இருந்த நோட்ட மூடுனாவ. நேரா வந்து வண்டியில ஏறுனாவ. 'வண்டிய எடுங்க'ன்னாவ.

'கோயில்ல இருவது பேரு நிக்காவம்மா.'

'நிக்கட்டும்.'

'பூல்பாண்டி வேற ஆஸ்பத்திரிக்குள்ள மாத்தரைக்கு நிக்கான்.'

'அவரும் நிக்கட்டும். எடுங்க.'

போற வழியில நான்தான் ரேடியோவப் போட்டேன், அவிய அமத்திட்டாவ.

வீட்டுக்குப் போனா, கோமதி பொறவாசல்ல சாக்கு விரிச்சு உக்காந்து எல வெட்டுதா. அங்கனதான் ஆறு மாசமா அவ இருப்பு. படுக்கதும் அங்கனதான். பொறவாசல்ல காத்து நல்லா வரும், அதுக்குத்தான் போறான்னு நெனச்சேன். என்னியக் கேட்டா நானும் அங்கனயே படுத்திருப்பேன்.

'மயினி, எத்தன நாளா இப்பிடி?'ன்னு எஸ்தர் கேக்காவ.

இவ என்னிய ஒரு பார்வ பாத்துட்டு, 'சித்திர மாசத்துல இருந்து. நிக்கும், வரும். இப்ப நிக்கதே இல்ல'ங்கா.

'ஊருக்கெல்லாம் லிஸ்ட்டு எழுதுனியள, உங்களுக்கு வந்து காட்டணும்னு தோணல்லியா?'

'எப்பிடி வர? அந்த வண்டியில விலக்கோட ஏறக்கூடாதுல்லா'ங்கா.

'பஸ்சு இல்லியா?'

'ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விலக்கா இருந்தா பாக்க மாட்டாவன்னு நீங்கதான சொன்னிய? நிக்கட்டும் போவோம்னு இருந்தேன். நிக்கல்ல.'

எஸ்தரம்மா தலையில கைய வச்சிட்டு அந்தச் சாக்குலயே உக்காந்துட்டாவ. 'அது வேற மயினி. அம்பது வயசுக்கு மேல நின்னுட்டு மறுபடி வந்தா அது விலக்கு இல்ல. வியாதி. அன்னைக்கே ஓடி வரணும். நான் இத மைக்குல சொல்லாம விட்டுட்டேனே'ன்னாவ.

அப்பறம் எம்பக்கம் திரும்புனாவ பாருங்க. 'இந்தச் சட்டத்தப் போட்டது யாரு?'ன்னு.

'பொதுவாச் சொன்னேம்மா. இவளுக்குன்னா சொன்னேன்?'ன்னேன். இவளாவது எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லிருக்கணும்ல அண்ணாச்சி? முப்பது வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். 'எனக்கு ஆவாது'ங்கா, சரின்னுட்டுப் போறேன். எத்தன நாளா ஆவாதுன்னு ஆம்பள எப்பிடி நோண்டிக் கேக்க?

அடுத்த நாளே டவுனு ஆஸ்பத்திரியில காட்டி, ஸ்கேன் எடுத்து, அவிய இங்க அனுப்பி, இங்க சத எடுத்து, இந்தா உக்காந்திருக்கோம். இதுல எதுக்காவது நான் குறுக்க நின்னேனா? ஒண்ணுக்கும் நிக்கல்ல. வண்டிய வித்துப் பாக்கணும்னாலும் பாப்பேன்.

அதுக்கப்பறம் அந்த நர்சம்மா ஒண்ணு சொன்னாவ. அதுலதான் எங்களுக்குச் சண்டையே. 'இனிமே வெள்ளிக்கெழம வண்டியில விலக்கா இருக்கவளையும் ஏத்தணும்'ன்னாவ. அதெப்பிடிம்மா ஏத்தன்னேன். 'கோயிலுக்குள்ள போவாண்டாம். டெஸ்டு அன்னைக்குப் பாக்க முடியலன்னாலும் எங்கிட்ட வந்து உக்காரட்டும். எத்தன நாளா வருது, என்ன வயசுன்னு நான் கேப்பேம்லா. வராதவளத்தான் நான் பாக்கணும்'ங்காவ.

இது நியாயமா அண்ணாச்சி? நூத்திப் பத்துப் பேரு பாத்த திட்டம். ஒரு சிக்கல் உண்டா? கோமதிக்கு ஆனது கோமதிக்கு ஆனது, அவ வாயத் தொறக்கல்ல, அதனால ஆச்சு. ஒருத்தியால திட்டத்த மாத்த முடியுமா? சாமி வண்டி, முடியாதும்மான்னுட்டேன். அன்னைக்கு வாய மூடுனவியதான். போன வாட்டியும் பழைய மாதிரிதான் வண்டி போச்சு. அவிய ஆஸ்பத்திரியிலதான் இருந்தாவ. வந்த பொம்பளையள் எல்லார்ட்டயும் சிரிச்சுப் பேசுதாவ. பூல்பாண்டிட்ட கூடப் பேசுதாவ. எனக்கு ஒரு டீ உண்டான்னு கேக்கல்ல.

ஒருத்தருக்கொருத்தரு பேசிக்கிட்டாத்தான எதும் தெரியும்?

இருங்க. கதவத் தொறக்காவ. இந்தா வந்துட்டா, அந்தப் பச்சச் சேல. பின்னால வாரதுதான் எஸ்தர்.

என்ன கோமதி, என்ன சொன்னாவ?

...

ஆமாவா?

அண்ணாச்சி, அதுதானாம். கேன்சர்தானாம்.

இரு, இரு, மெதுவாச் சொல்லு. வெளிய பரவல்லியாம். ஆபரேசன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்துருவாவளாம். அப்பறம் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்கணுமா வேண்டாமான்னு பாத்துச் சொல்லுவாவளாம். பொழச்சிக்கிடலாம்னு டாக்டரம்மா சொல்லுதாவளாம். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா இப்பிடிச் சொல்லிருக்க மாட்டாவளாம். திங்கக்கெழம அட்மிட்டு.

உக்காரு கோமதி. தண்ணி குடி. அழாத.

நானா? நான் எங்க அழுதேன். சரி, துண்டக் குடு.

என்ன கேக்கா பாத்தியளா இவ? நாளைக்கு வண்டி போவுதாங்கா. இப்ப ஒனக்கு எதுக்கு அது? போவுது, போவுது. பதினெட்டுப் பேரு. மூணு பேரு ஆவாதுன்னுட்டாவ. இவளுக்கு முடியாம ஆனதுல இருந்து நான்தான் அண்ணாச்சி லிஸ்ட்டு எழுதுதேன். எங்கிட்ட போன்ல 'வரல்ல'ம்பாவ, வச்சிருவாவ.

யாரு யாருன்னு கேக்கா. இரு, பையில நோட்டு இருக்கு. அடிச்சிப் போட்ட பேர எதுக்குக் கேக்கியோ.

மேலத்தெரு முப்புடாதி. அது சின்னப் புள்ள, முப்பத்திரெண்டு இருக்கும். அப்பறம் டெய்லரு பொண்டாட்டி வேலம்மா. அவளுக்கும் அந்த வயசுதான். மூணாவது செல்லத்தாயி பெரியம்ம. போன வாட்டியும் வரல்ல. அதுக்கு முந்துன வாட்டியும் வரல்ல. உன் எழுத்துலயும் அடிச்சிருக்கே, இந்தா. அதுக்கும் முந்தி... இங்கயும் அடிச்சிருக்கு.

வயசா? அது எங்கம்மைக்கு ரெண்டு வயசு எளசு. எழுவத்து நாலு.

...

எழுவத்து நாலு வயசு, கோமதி.

அண்ணாச்சி, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. ஒரு போன் பேசணும்.

இல்லம்மா, எஸ்தரம்மா, நீங்க பேசாண்டாம். நம்பரு எங்கிட்ட இருக்கு. நான்தான பேர அடிச்சேன், நானே பேசுதேன்.

அலோ. பெரியம்மா? குத்தாலிங்கம். கேக்குதா? நாளைக்கு வண்டிக்கு வரல்லன்னு சொன்னியள. ஆமா. வீட்டு வாசலுக்கே வண்டியக் கொண்டாறேன், நீங்கதான் மொதல்ல ஏறுதிய.

ம்.

தெரியும் பெரியம்மா. அதுக்குத்தான் கூப்புடுதேன்.